ஒண்ணும் செய்யாத வரி

"ஒண்ணுமே செய்யாத வரின்னா அதை எதுக்குடா தொட்ட?"

"ஒண்ணும் செய்யலைங்கறதாலதான்க்கா எடுத்தேன். குப்பையை எடுக்கறதுதானே என் வேலை."

"குப்பைன்னு உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. குப்பை இல்லைன்னும் யாரும் சொல்லலை. மூணு நாள் எல்லார் கண்ணு முன்னாடியும் கிடந்துச்சு."

"உன் அத்தான் கண்ணு முன்னாடியுமா?"

"அவர்கிட்ட நேராவே கேட்டேனே. இதே வீட்டுல. நீயும்தான் பக்கத்துல நின்னே."

"கேட்டே. பல்லைப் பிடுங்கிட்டு வாய் நிறைய பஞ்சோட உக்காந்திருந்த மனுஷன்கிட்ட கேட்டே."

"பஞ்சு வாய்லதானே இருந்துச்சு. காதுல இல்லையே."

பேசினது என் மனைவியும் அவ தம்பியும், சமையலறையில. குழாயைத் திறந்து விடற சத்தம் கேட்டுச்சு. அழறது வெளிய கேக்கக் கூடாதுன்னா என் மனைவி குழாயைத் திறப்பா. இருபது வருஷமா அப்படித்தான்.

நான் பக்கத்து ரூம்ல சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டிருந்தேன். எனக்கு இஸ்திரி போடப் பிடிக்கும். முதல்ல காலர், அப்புறம் தோள், கை, கடைசியில முதுகு. வரிசை மாறினா போட்டதே மறுபடி கசங்கும். மத்தவங்களுக்கு இது சின்ன விஷயமா இருக்கலாம். என் வேலையே வரிசைதான்.

இந்த ஆன்லைன் குழுவுல என்னோட வழக்கமான கணக்கைத் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்கீங்க. வைஃபை வரலை, பிரின்டர் மக்கர் பண்ணுதுன்னு யார் எழுதினாலும் பெரும்பாலும் நான்தான் முதல்ல பதில் போடுவேன். இன்னிக்கு நான் ஒண்ணு கேக்க வந்திருக்கேன். அதுக்கு முன்னாடி நடந்ததை முழுசா சொல்லிடறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

ஆஸ்பத்திரியில படுக்கை பக்கத்துல ஒரு பெட்டி இருக்கும். மார்புல ஒட்டின ஒயர் எல்லாம் அதுல போய்ச் சேரும். நாடி தப்பினா அந்தப் பெட்டி வார்டு நடுவுல இருக்கற நர்ஸ் மேஜைக்குச் சேதி அனுப்பும். மேஜையில இருக்கற திரை சிவப்பாகி சத்தம் போடும். பெட்டியோட சொந்தச் சத்தத்தைப் பெரும்பாலும் குறைச்சு வெச்சிருப்பாங்க, பக்கத்துல படுத்திருக்கறவங்க தூங்கணுமே. அதனால மேஜைக்குப் போற சேதியை நம்பித்தான் எல்லாமே. பெட்டிக்குள்ள இருக்கற ஆபரேட்டிங் சிஸ்டத்துல அந்தச் சேதி போய்வர்ற பகுதியை நாங்கதான் எழுதறோம். நாங்கன்னா பதினாலு பேர். அந்தப் பகுதிக்குப் பொறுப்பு நான்.

இதுல ஒரே ஒரு சிக்கலை மட்டும் நீங்க புரிஞ்சுக்கணும். அதுக்கு எங்க வீட்டு ஃப்ரிட்ஜே போதும்.

ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கோம். வாங்க வேண்டியதை மனைவி எழுதுவா. கிளம்பறப்ப நான் அதைப் போன்ல படம் எடுத்துட்டு பலகையைத் துடைச்சிடுவேன். ஒரு தடவை நான் படம் எடுத்துட்டேன். துணியை எடுக்கத் திரும்பின அந்த நேரத்துல அவ வந்து பிரஷர் மாத்திரைன்னு எழுதிட்டுப் போயிட்டா. நான் பலகையைப் பார்க்காமலே துடைச்சேன். எழுதியாச்சுன்னு அவ நிம்மதியா இருந்தா. எல்லாம் வாங்கியாச்சுன்னு நானும் நிம்மதியா இருந்தேன். ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்லை. மாத்திரைதான் வரலை.

அதுக்கப்புறம் ஒரு விதி வெச்சோம். வீட்டுல பேனா ஒண்ணே ஒண்ணு. துடைக்கப் போறவர் முதல்ல பேனாவைக் கையில எடுத்துக்கணும். பேனா இல்லாம யாரும் எழுத முடியாதே. எங்க தொழில்ல இதைத்தான் பூட்டுன்னு சொல்லுவோம்.

பெட்டிக்குள்ளயும் அப்படித்தான். சேதியை வரிசையில வைக்கறது ஒரு வேலை. ஒயர்ல தொடர்பு விட்டுப்போனா பழைய வரிசையில இருக்கறதைப் புதுசுக்கு மாத்திட்டு பழசைத் தூக்கிப் போடறது இன்னொரு வேலை. ரெண்டும் ஒரே சமயத்துல ஓடும். நடுவுல ஒரு பூட்டு இருந்துச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி அதை நான் எடுத்தேன்.

காரணம் இல்லாம எடுக்கலை. பூட்டுன்னா ஒருத்தருக்காக இன்னொருத்தர் காத்திருக்கணும். படுக்கை அதிகமான வார்டுல எல்லாம் மந்தமாச்சு. தொடர்பு போனதும் முதல்ல "நிறுத்து"ன்னு ஒரு அடையாளம் போட்டா போதும், அதைப் பார்த்து எல்லாரும் நின்னுடுவாங்க, தனியா பூட்டு வேண்டாம்னு காட்டினேன். வேகம் மூணு மடங்கு ஆச்சு. ஆபீஸ்ல என்னை ராக்கெட்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. எங்க மேலாளருக்குப் பட்டப்பேர் சரிசரி, எதைச் சொன்னாலும் ரெண்டு தடவை சரின்னு சொல்லுவார். அன்னிக்கு மட்டும் நாலு தடவை சொன்னார்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வார்டுல ஒரு சேதி வராமப் போச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அஞ்சு வாரம் தேடினேன். நம்ம கையில சிக்காத தப்பு அது. லட்சம் தடவை ஓட்டினா ஒரு தடவை வரும். கடைசியில எங்க விழுதுன்னு பார்க்க, அடையாளம் போடற இடத்துக்கும் வரிசையை மாத்தற இடத்துக்கும் நடுவுல ஒரு குறிப்பு வரி போட்டேன். "தொடர்பு புதுப்பிக்கப்படுகிறது"ன்னு ஒரு மூலையில எழுதி வைக்கும், அவ்வளவுதான். போட்ட உடனே தப்பு நின்னுபோச்சு.

ஏன் நின்னுச்சுன்னு அன்னிக்குச் சாயங்காலமே எனக்குப் புரிஞ்சுது. அந்தக் குறிப்பை எழுத மெஷினுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். "நிறுத்து"ங்கற அடையாளத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடியே உள்ள நுழைஞ்ச சேதி, அந்த நேரத்துக்குள்ள வேலையை முடிச்சிடுது. நான் படம் எடுக்கறதுக்கு முன்னாடி மூக்குக்கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கற மாதிரி. அதுக்குள்ள மனைவி எழுதி முடிச்சிடுவா. பேனா விதி இல்லாமலே எல்லாம் சரியா நடக்கற மாதிரி இருக்கும். நான் கண்ணாடியைத் துடைக்காத அன்னிக்குத்தான் தெரியும்.

குறிப்பு வரியை அப்படியே விட்டேன். தப்பு சரியாச்சுன்னு எழுதினேன். பூட்டைத் திருப்பி வெச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க. வெச்சிருக்கலாம். அப்போ ஏன்னு எழுதணும். வேகம் குறையும், அதுக்கும் பதில் சொல்லணும். பெட்டி நல்லா ஓடறப்ப எதுக்கு எல்லாரையும் குழப்பணும்னு நினைச்சேன். இப்பவும் அது நியாயமான யோசனையாத்தான் படுது.

இப்போ என் மச்சானைப் பத்தி. மனைவிக்கு ஒரே தம்பி. அவனை இந்த வேலைக்குக் கொண்டு வந்ததே நான்தான். நல்லவன், சுத்தக்காரன். காபி குடிச்ச டம்ளரை அவனே கழுவி வெப்பான். எழுதற புரோகிராம்லயும் அப்படித்தான். எவனோ எப்பவோ எழுதிட்டு மறந்த வரிகளைத் தேடித் தேடி எடுப்பான். ஆபீஸ்ல அவனுக்குப் பேரு துடைப்பம். கோவப்பட மாட்டான். "துடைப்பம் இல்லாத வீட்டைக் காட்டுங்க பார்க்கலாம்"னு சிரிப்பான்.

போன வருஷக் கடைசியில சரிசரி என்னைக் கூப்பிட்டார். குழுவுக்குத் தலைமையா மச்சானைப் போடலாம்னு இருக்கோம், உங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையேன்னார். எதுக்கு ஆட்சேபணை, என் மச்சான்தானேன்னு சொன்னேன். வீட்டுல அன்னிக்கு நானே ஐஸ்கிரீம் வாங்கிட்டு வந்தேன். எனக்குப் பொறாமை கிடையாது. இதை அப்பவே நாலு பேர்கிட்ட சொன்னேன், வேணும்னா கேட்டுப் பாருங்க.

அடுத்த மாசம் அவன் ஒரு மாற்றம் அனுப்பினான். தேவையில்லாத குறிப்பு வரிகள் நாப்பத்தொண்ணு, எல்லாத்தையும் எடுக்கறேன்னு. இருபத்தாறாவதா என் வரி இருந்துச்சு.

எங்க ஆபீஸ்ல ஒரு பழக்கம் இருக்கு. இந்த மாதிரி மாற்றத்தை எல்லாருக்கும் அனுப்பி வெச்சிடுவோம். மூணு வேலை நாள். அதுக்குள்ள அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் வேண்டாம்னு சொல்லலைன்னா, அவருக்குச் சம்மதம்னு எடுத்துக்கிட்டு உள்ள சேர்த்துடுவோம். பதிலுக்காக உக்காந்திருந்தா வேலை நகராதுன்னு எல்லாரும் சேர்ந்து வெச்ச விதி. இது வேணும்னு முதல்ல சொன்னதே நான்தான்.

முதல் நாள் நான் பதில் எழுதலை. வேலை இருந்துச்சு. ரெண்டாம் நாளும் எழுதலை. மூணாம் நாள் நான் ஆபீஸுக்கே போகலை. கடைவாய்ப் பல் ஒண்ணு ரெண்டு மாசமா தொந்தரவு பண்ணிட்டிருந்துச்சு. பல் டாக்டர் அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தாங்க. நான் போன் பண்ணி, இன்னிக்கே முடியுமான்னு கேட்டேன். முடியும்னாங்க.

சாயங்காலம் மச்சான் பார்க்க வந்தான். பஞ்சோட உக்காந்திருந்தேன். "அத்தான், பேச வேண்டாம். இந்த நாப்பத்தொண்ணு நாளைக்கு உள்ள போயிடும். இருபத்தாறாவது உங்களோடது. அது ஏதாவது வேலை செய்யுதா?"ன்னு கேட்டான். நான் ஒண்ணும் சொல்லலை. சொல்ற நிலைமையில இல்லை.

மறுநாள் உள்ள போச்சு.

சோதனை அறையில மாட்டிக்கும்னு நான் நிஜமாவே நம்பினேன். அங்க மாட்டினா யாருக்கும் சேதம் இல்லை. மச்சான் அவசரப்பட்டு கை வெச்சான்னு ஆகும். நான் போய் பூட்டை வெச்சு சரி பண்ணுவேன். பூட்டு ஏன் இல்லாமப் போச்சுன்னு அப்போ யாரும் கேக்க மாட்டாங்க, எல்லாருக்கும் அவசரமா இருக்கும். அவன் தலைமை ஒரு வருஷம் தள்ளிப்போகும். வயசு இருக்கு அவனுக்கு, முப்பத்தஞ்சுதான். இப்படி நினைச்சதைத் திட்டம்னு யாராவது சொன்னா அது பெரிய வார்த்தை.

சோதனை அறையில மாட்டலை. அங்க ஒயர் எல்லாம் புதுசு, தொடர்பு விடவே விடாது. வார்டுல லிஃப்ட் ஓடும், யாராவது கட்டிலை நகர்த்துவாங்க, பிளக் ஆடும். அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

பெட்டிகளுக்குப் புது மென்பொருள் போச்சு. மச்சான் தலைமை ஆனான். மாசத்துக்குள்ள முதல் புகார். ஒரு சேதி நாலு நிமிஷம் தாமதமா வந்துச்சுன்னு. நாடி சரியாகலைன்னா நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை பெட்டி மறுபடியும் அனுப்பும், அந்தக் கணக்கு. புகார் என் மேஜைக்குத்தான் வரும். பார்த்த உடனே தெரிஞ்சுடுச்சு. பழைய பகையாளியோட கையெழுத்து எனக்குத் தெரியாதா. "நெட்வொர்க் நெரிசல், நம்ம பக்கம் கோளாறு இல்லை"ன்னு எழுதி மூடினேன். ரெண்டாவது வந்துச்சு. மூடினேன். மூணாவது வந்தப்ப ரெண்டு நாள் வெச்சிருந்துட்டு மூடினேன். ரெண்டு நாள் யோசிச்சேன்கறதை நீங்க கவனிக்கணும்.

நாலாவது புகாரா வரலை.

ஒன்பதாம் படுக்கை. பஸ் ஓட்டிட்டிருந்து ஓய்வு வாங்கினவர். அன்னிக்கு மத்தியானம் காவலாளி வந்து வண்டி வழியில நிக்குதுன்னு சொல்ல, அவரோட மகள் நகர்த்தி நிறுத்தக் கீழ போனா. அந்த நேரத்துல நாடி தப்பிடுச்சு. பெட்டி சேதி அனுப்பிச்சு. அனுப்பியாச்சுன்னு பெட்டி நினைச்சுது. மேஜையில இருந்த திரை பச்சையாவே இருந்துச்சு. நாலு நிமிஷம் கழிச்சு ரெண்டாவது சேதி போய்ச் சேர்ந்து, நர்ஸ் ஓடி வந்தப்ப மகளும் லிஃப்ட்ல ஏறி வந்துட்டா. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பார்த்திருக்காங்க. உயிர் அதுக்குள்ள போயிருந்துச்சு.

முதல்ல சந்தேகப்பட்டது நர்ஸை. சத்தத்தை அமுக்கி வெச்சுட்டு எங்கயோ போயிட்டான்னு சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. அந்தப் பொண்ணு கையால எழுதிக் கொடுத்த கடிதத்தோட நகல் எங்களுக்கும் வந்துச்சு. "நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. திரை மாறவே இல்லை." அழகான கையெழுத்து. ரெண்டு வாக்கியமும் உண்மைன்னு அந்த ஆபீஸ்ல தெரிஞ்ச ஒரே ஆள் நான். கடிதத்தைப் படிச்சுட்டு அடுத்தவருக்குக் கொடுத்தேன்.

அப்புறம் பெட்டியைப் பிரிச்சுப் பார்த்தாங்க. கடைசியா அந்த இடத்துல கை வெச்சது யாருன்னு பார்த்தா மச்சான் பேரு. ஒரு வரி போயிருக்கு, தப்பு வந்திருக்கு. வரியைத் திரும்ப வெச்சாங்க, தப்பு போயிடுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும். ஆபீஸ்ல அவன் நடந்து வந்தா பேச்சு நிக்கும். முன்ன துடைப்பம்னு கூப்பிட்டவங்க இப்போ சார்னு கூப்பிடறாங்க. சரிசரி ஒரு தடவைகூட சரின்னு சொல்றதில்லை.

விசாரணையில என்னையும் கேட்டாங்க. அந்த மூணு நாள்ல நீங்க இதைப் பார்க்கலையான்னு. பல் பிடுங்கி லீவுல இருந்தேன், பார்க்கலைன்னேன். பல் டாக்டர் சீட்டையும் காட்டினேன். முதல் ரெண்டு நாளைப் பத்தி அவங்க கேக்கலை. கேக்காததுக்கு நான் பதில் சொல்ல முடியுமா.

நேத்து, ஞாயித்துக்கிழமை, மச்சான் லேப்டாப்போட வந்தான். சாப்பாட்டு மேஜையில எனக்கு எதிர்ல உக்காந்தான். தட்டுல கை வெக்கலை.

"அத்தான், ஒரு வரியை எடுத்தா இப்படி ஒரு தப்பு எப்படி வரும்? அது சும்மா எழுதற வரி. பூட்டு இருந்திருந்தா வந்தே இருக்காது."

"ஆமா."

"பூட்டு முன்னாடி இருந்திருக்கு. நீங்க எடுத்திருக்கீங்க."

"ஆறு வருஷம் ஆச்சுப்பா. ஆறு வருஷமா ஓடிட்டுதானே இருந்துச்சு."

"நாலு வருஷத்துக்கு முன்னாடி இந்த வரியைப் போட்டிருக்கீங்க. அஞ்சு வாரம் ஒரு தப்பைத் தேடிட்டு, அன்னிக்குத்தான் சரியாச்சுன்னு எழுதியிருக்கீங்க. அந்த மாற்றத்துல இந்த ஒரு வரியைத் தவிர வேற ஒண்ணுமே இல்லை. எப்படி அத்தான் சரியாச்சு?"

"ஞாபகம் இல்லப்பா. சாப்பிடு, ஆறிடப் போகுது."

அவன் என்னைப் பார்த்துட்டே லேப்டாப்பை மூடினான். மெதுவா மூடினான், சத்தம் வராம. அவன் அக்கா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. என்னை நேரடியா பொய்யன்னு சொல்ல அவன் வளர்ப்பு விடலை. அதைத்தான் நான் பயன்படுத்திக்கிட்டேன்னு நீங்க நினைக்கலாம்.

மறுநாள் காலையில அவன் மறுபடி வந்தப்பதான் சமையலறையில அந்தச் சண்டை. அதாவது இன்னிக்குக் காலையில. குழாயை மூடிட்டு மனைவி வெளிய வந்தா. நான் இஸ்திரி போடறதைக் கொஞ்ச நேரம் நின்னு பார்த்தா.

"இந்தச் சட்டையை நேத்தே போட்டீங்களே."

"கசங்கின மாதிரி இருந்துச்சு."

"அந்த வாரம் திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் டப்பா கட்டிக் கொடுத்தேன். நீங்க ஆபீஸ் போனீங்க."

"ஆமா, போனேன்."

"லீவுல இருந்தேன்னு சொன்னீங்களாமே."

"புதன்கிழமை லீவுதானே."

அவ தம்பியைக் கூட்டிக்கிட்டு வெளிய போயிட்டா. நான் கிளம்பறப்ப ஃப்ரிட்ஜ்கிட்ட வந்தேன். பலகையில வாங்க வேண்டிய சாமான் ஒண்ணும் இல்லை. ஒரே ஒரு வரி.

"அவன் கேட்டப்ப இல்லைன்னு தலையாட்டினீங்களே, எதுக்கு?"

உண்மைதான். நான் ஒண்ணும் சொல்லலைன்னு மேல எழுதியிருக்கேன். வாயால ஒண்ணும் சொல்லலை. அது ஏதாவது வேலை செய்யுதான்னு அவன் கேட்டப்ப இல்லைன்னு தலையை மட்டும் ஆட்டினேன். வாயில பஞ்சு இருக்கறப்ப தலை தானா ஆடும். அவ அன்னிக்கு அங்க நின்னு தண்ணி ஆத்திக்கிட்டு இருந்தா, அவ கவனிச்சான்னு எனக்குத் தெரியாது.

பழக்க தோஷம், போன்ல படம் எடுத்தேன். அப்புறம் துடைச்சேன். பேனா இருக்கான்னு பார்த்தேன். இல்லை. அவ எடுத்துட்டுப் போயிருக்கா.

இன்னும் ரெண்டு விஷயம் பாக்கி. முழுசா சொல்றேன்னு சொல்லிட்டு மறைக்கக் கூடாது.

பூட்டைத் திருப்பி வெக்கற மாற்றம் பதினோரு வரி. அது என் கம்ப்யூட்டர்ல தயாரா இருக்கு. ஓட்டியும் பார்த்திருக்கேன், பத்து லட்சம் தடவை, ஒரு சேதிகூட விழலை. வேகம்கூட நான் பயந்த அளவுக்குக் குறையலை. அந்த ஃபைல்ல இருக்கற தேதி நாலு வருஷத்துக்கு முந்தினது. குறிப்பு வரி போட்டதுக்கு மறுநாள்.

ரெண்டாவது, இப்போ எல்லா வார்டுலயும் பழையபடி அந்தக் குறிப்பு வரியோடதான் பெட்டி ஓடுது. எல்லாருக்கும் நிம்மதி. ஆனா அடுத்த மாசம் புதுப் பெட்டி வருது. அதுல குறிப்பு எழுத நேரமே ஆகாது. கண்ணாடியைத் துடைக்கற நேரம் கிடைக்காது. அந்த வரி இருந்தாலும் இல்லாத மாதிரிதான். இது ஆபீஸ்ல வேற யாருக்கும் தெரியாது. மச்சான் கண்டுபிடிச்சிருப்பான், ஆனா அவனுக்கு இப்போ புரோகிராமைத் திறந்து பார்க்க அனுமதி இல்லை.

வியாழக்கிழமை காலையில தீர்ப்பு. மச்சானை வேலையை விட்டு எடுத்து, பேரைப் போலீஸுக்கு அனுப்பறதா முடிவாகியிருக்குன்னு சரிசரி எங்கிட்ட ரகசியமா சொன்னார். நர்ஸையும் திரும்பச் சேர்த்துக்க மாட்டாங்களாம், ஆஸ்பத்திரி பக்கத்துலயும் பழி போட ஒருத்தர் இருக்கணுமாம். நான் பேசினா ரெண்டும் நிக்கும். பதினோரு வரியும் உள்ள போகும்.

நான் மோசமானவன் இல்லை. மோசமானவன் இதையெல்லாம் உக்காந்து எழுதுவானா. எனக்கு ஒரு வழி தெரியணும், அவ்வளவுதான். நீங்க எல்லாம் வெளி ஆளுங்க, பாரபட்சம் இல்லாம சொல்லுவீங்க. அதனாலதான் என் பேரு இல்லாம, ஊரு இல்லாம, வேற ஒரு கணக்குல இருந்து இங்க போடறேன்.

இன்னிக்குத் திங்கள். வியாழனுக்கு முன்னாடி மூணு வேலை நாள் இருக்கு. நான் போய் உண்மையைச் சொல்லணும்னு நினைக்கறவங்க தயவுசெஞ்சு கீழ பதில் எழுதுங்க. ஒரு வரி போதும். புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள யாரும் ஒண்ணும் எழுதலைன்னா, உங்க யாருக்கும் ஆட்சேபணை இல்லைன்னு எடுத்துக்கறேன்.